டிவி டாங்கிள் விமானம் ஏறிய கதை

அமெரிக்காவில் வீட்டுக் கொட்டகையில் கட்டிய சிறு விமானங்கள் சிலவற்றில், இருக்கைக்குப் பின்னால் சாமான் வைக்கும் இடத்தில் உள்ளங்கை அகல டப்பா ஒன்று திருகப்பட்டிருக்கும். மூடியைக் கழற்றினால் உள்ளே ஒரு சின்னக் கணினிப் பலகை, மடிக்கணினியில் டிவி பார்க்கவென்று செய்யப்பட்ட இரண்டு யுஎஸ்பி டாங்கிள்கள், ஒரு ஜிபிஎஸ், ஒரு குட்டி மின்விசிறி. அவ்வளவுதான். சுற்றிலும் பறக்கும் விமானங்கள் எங்கே, எந்த உயரத்தில், எந்தத் திசையில் போகின்றன என்பதையும், போகிற வழியில் எங்கே மழை கொட்டுகிறது என்பதையும் விமானியின் மடியில் இருக்கும் டேப்லெட்டுக்கு இந்த டப்பா சொல்லிக்கொண்டே வருகிறது. பெயர் ஸ்ட்ராடக்ஸ். பிறந்த ஆண்டு 2015. கடையில் வாங்கும் கருவிக்கு 800, 900 டாலர் கொடுத்துக்கொண்டிருந்த காலத்தில், இதற்கு வேண்டிய பாகங்கள் நூற்றுச் சொச்சம் டாலரில் முடிந்துவிட்டன.

மலிவாகிப்போன மின்னணுப் பொருள்கள் எத்தனையோ உண்டு. அவற்றில் இதை மட்டும் தனியே எடுத்து எழுதக் காரணம், இது பிறந்த விதம். இதற்கென்று ஓர் ஆய்வுக்கூடம் இல்லை, முதலீட்டாளர் இல்லை. ஒருவரை ஒருவர் அறியாத பலர், வெவ்வேறு ஊர்களில், வெவ்வேறு வேலையாக, தங்கள் கையில் இருந்ததைப் பூட்டாமல் விட்டார்கள். சிலர் தெரிந்தே விட்டார்கள், ஒரு சிப் நிறுவனம் தெரியாமலேயே விட்டது. திறந்திருந்த அந்தக் கதவுகள் எல்லாம் ஒரே வரிசையில் வந்து நின்றபோது ஸ்ட்ராடக்ஸ் உண்டாயிற்று.

முதல் கதவு திறப்பதற்கு முன்பு நிறையப் பேர் சாக வேண்டியிருந்தது. மற்ற விமானத்தைக் கண்ணால் பார்த்து விமானியே விலகிப் போக வேண்டும் என்பது பறத்தலின் பழைய விதி. சிறு விமானங்களுக்கு இன்றும் அதுதான் அடிப்படை. அந்த விதியால் எவ்வளவு முடியும், எவ்வளவு முடியாது என்பதை 1956 ஜூன் 30 காட்டிவிட்டது. லாஸ் ஏஞ்சல்ஸிலிருந்து மூன்று நிமிட இடைவெளியில் கிளம்பிய டிடபிள்யூஏ, யுனைடெட் நிறுவனங்களின் பயணி விமானங்கள் இரண்டும் கிராண்ட் கேன்யனுக்கு மேலே மோதிக்கொண்டன. இரண்டிலும் இருந்த 128 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. விமானப் போக்குவரத்தை மேற்பார்க்கத் தனி அமைப்பு வேண்டும் என்று 1958இல் சட்டம் வந்ததற்கு இந்த விபத்து பெரிய காரணம். இன்று எஃப்ஏஏ என்று அழைக்கப்படுவது அந்த அமைப்புதான்.

ரேடார்கள் பெருகின. ஆனாலும் 1986 ஆகஸ்ட் 31 அன்று, லாஸ் ஏஞ்சல்ஸ் பக்கத்தில் செரிட்டோஸ் என்ற ஊருக்கு மேலே, ஏரோமெக்சிகோவின் டிசி-9 விமானமும் மூன்று பேர் இருந்த சிறிய பைப்பர் விமானமும் மோதின. வீடுகளில் இருந்த 15 பேரையும் சேர்த்து 82 பேர் இறந்தார்கள். அதன்பின் பெரிய பயணி விமானங்களுக்கு மோதல் எச்சரிக்கைக் கருவி கட்டாயமானது. இரண்டு இருக்கை, நான்கு இருக்கை விமானங்களுக்கு அப்படி எதுவும் வரவில்லை. அந்தக் கருவியின் விலை அவற்றில் பலவற்றின் விலையைவிட அதிகம். கண்ணை நம்பிப் பறப்பவர்கள் தொடர்ந்து கண்ணையே நம்ப வேண்டியிருந்தது.

சிறு விமானத்தை மனதில் வைத்து ஒரு வழி தேடும் கட்டாயம் அலாஸ்காவில் வந்தது. அங்கே பெத்தேல் என்ற ஊரைச் சுற்றி, யூகான், குஸ்கோக்விம் ஆறுகளின் கழிமுகத்தில், கிராமங்களுக்குச் சாலை கிடையாது. தபால், மளிகை, பிரசவத்துக்குப் போகிற பெண், எல்லாமே சிறு விமானத்தில்தான். தாழப் பறக்கும் விமானங்களை ரேடார் அங்கே பார்க்க முடியாது. மேகம் திடீரென்று இறங்கும், விபத்துகள் ஓயாது. 1990களின் கடைசியில் எஃப்ஏஏ அங்கே கேப்ஸ்டோன் என்ற திட்டத்தைத் தொடங்கி, ஏறத்தாழ 200 விமானங்களுக்கு அரசுச் செலவில் புதுக் கருவிகளைப் பொருத்தியது. கருவியின் தத்துவம் எளிது. ஒவ்வொரு விமானமும் தான் இருக்கும் இடத்தை ஜிபிஎஸ் மூலம் தானே அறிந்து, விநாடிக்கு ஒருமுறை வானொலியில் உரக்கச் சொல்லிக்கொண்டு போக வேண்டும். கேட்கக் கூடியவர்கள் கேட்கட்டும். ரேடார் தேடிப் பிடிக்கும் முறையை இது தலைகீழாக்கியது. ஏடிஎஸ்-பி என்பது இதன் பெயர். 2000 முதல் 2004 வரை, கருவி பொருத்திய விமானங்களின் விபத்து விகிதம் 47 விழுக்காடு குறைந்ததாக அத்திட்டத்தை ஆராய்ந்தவர்கள் கணக்கிட்டார்கள்.

அலாஸ்காவில் பயன்பட்ட அலைவரிசையை அமெரிக்காவின் மைட்டர் ஆய்வு நிறுவனம் சிறு விமானங்களுக்கென்றே வடிவமைத்தது. 978 மெகாஹெர்ட்ஸில் இயங்குவது, யுஏடி எனப்படுவது. இதன் அமைப்பில் எனக்கு மிகவும் பிடித்த ஒரு விஷயம் இருக்கிறது. ஒவ்வொரு விநாடியின் தொடக்கத்திலும், ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவான நேரத்தைத் தரை நிலையங்களுக்கென்று ஒதுக்கிவைத்தார்கள். அந்தத் துண்டு நேரத்தில் தரையிலிருந்து வானிலை ரேடார் படம், விமான நிலையங்களின் காற்று, மேக நிலவரம், தற்காலிகத் தடைப் பகுதிகள் எல்லாம் மேலே ஏறும். விநாடியின் மிச்ச நேரம் விமானங்கள் தங்கள் இடத்தைச் சொல்வதற்கு. இந்த வானிலைத் தகவலுக்குச் சந்தா கிடையாது, கடவுச்சொல் கிடையாது, மறைக்குறியும் கிடையாது. செயற்கைக்கோள் வழியாக வந்த வானிலைச் சேவைக்கு மாதாமாதம் பணம் கட்டிக்கொண்டிருந்த விமானிகளுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. புயல் எங்கே என்ற தகவலை விலைக்கு விற்காமல் வானத்தில் தூவிவிடலாம் என்று முடிவு செய்தவர்களுக்குப் பல விமானிகள் உயிர்க்கடன் பட்டிருக்கிறார்கள் என்றே நினைக்கிறேன்.

இரண்டாவது கதவு ஒரு பார்சல் கம்பெனியிடமிருந்து திறந்தது. பழுப்பு நிற வண்டிகளில் பொட்டலம் கொண்டுவரும் யுபிஎஸ், ஆரெகன் மாநிலத்தில் விமான மின்னணுக் கருவிகள் செய்யும் ஒரு நிறுவனத்தையும் வைத்திருந்தது. அலாஸ்கா விமானங்களுக்கான கருவிகள் அங்கிருந்து வந்தன. அந்த நிறுவனத்தை 2003இல் கார்மின் வாங்கியது. அதன் தயாரிப்புகளில் ஜிடிஎல் 90 என்ற பெட்டி, தான் கேட்ட செய்திகளைத் திரைக்கு எந்த வடிவில் அனுப்புகிறது என்பதை விளக்கும் ஆவணம் வெளிப்படையாகக் கிடைத்தது. விநாடிக்கு ஒரு நாடித்துடிப்புச் செய்தி, நம் விமானத்தின் இருப்பிடம், பிற விமானங்களின் இருப்பிடம், தரையிலிருந்து வந்த வானிலைப் பொட்டலம் என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். டேப்லெட்டுகள் விமானிகளின் மடிக்கு வந்தபோது, வரைபடச் செயலிகள் செய்தவர்கள் பலரும் இந்த மொழியையே எடுத்துக்கொண்டார்கள். யார் செய்த பெட்டியாக இருந்தாலும் இந்த மொழியில் பேசினால் செயலிக்குப் புரியும்.

இதற்கிடையில் சட்டம் மெல்ல நகர்ந்தது. பயணி விமானங்கள் ஏற்கெனவே டிரான்ஸ்பாண்டருக்கு, அதாவது ரேடார் கேட்டால் பதில் சொல்லும் கருவிக்கு, பயன்படுத்தும் 1090 மெகாஹெர்ட்ஸ், சிறு விமானங்களுக்கு 978 என இரண்டு அலைவரிசைகளையும் வைத்துக்கொள்வதென்று எஃப்ஏஏ 2002இல் முடிவெடுத்தது. 2010 மே மாதத்தில் விதி வெளியானது. குறிப்பிட்ட வான்பகுதிகளில் பறக்கும் எல்லா விமானங்களும் 2020 ஜனவரி 1க்குள் தங்கள் இடத்தை அறிவிக்கும் கருவியைப் பொருத்த வேண்டும். நாடெங்கும் அறுநூறுக்கும் மேற்பட்ட தரை நிலையங்கள் எழுந்தன. அறிவிப்பதுதான் கட்டாயம், கேட்பது அவரவர் விருப்பம். இந்த வேறுபாடு நம் கதைக்கு முக்கியம். அறிவிக்கும் கருவி தவறான இடத்தைச் சொன்னால் மற்றவர்களுக்கு ஆபத்து, அதனால் அதற்குக் கடுமையான தரக்கட்டுப்பாடு உண்டு. கேட்கும் கருவி எதையும் ஒலிபரப்புவதில்லை. அதை யார் வேண்டுமானாலும் செய்து, தன் விமானத்தில் வைத்துக்கொள்ளலாம்.

கேட்கலாம் சரி, எதைக் கொண்டு? விமானக் கடையில் விற்ற பெட்டிகளின் விலை எல்லோருக்கும் கட்டுபடியாகவில்லை. விடை டிவி கடையில் கிடந்தது.

ஐரோப்பாவில் தரைவழி டிஜிட்டல் டிவியைக் கணினியில் பார்க்க, இருபது டாலர் அளவில் டாங்கிள்கள் விற்றன. அவற்றுள் பலவற்றின் இதயம் தைவானின் ரியல்டெக் நிறுவனம் செய்த ஆர்டிஎல்2832யு என்ற சிப். இந்த டாங்கிள்கள் லினக்ஸில் வேலை செய்வதற்கான டிரைவர்களை எழுதிக்கொண்டிருந்த பின்லாந்துக்காரர் ஆன்ட்டி பாலோசாரி, 2012 தொடக்கத்தில் ஒன்றைக் கவனித்தார். அதே டாங்கிளில் எஃப்எம் வானொலி கேட்கும்போது சிப் டிவிக்கான தன் வழக்கமான வேலையைச் செய்வதில்லை. ஆன்டெனாவில் வந்து விழும் அலையை வெறும் எண்களாக்கி, கழுவாமல் நறுக்காமல், அப்படியே கணினிக்குத் தள்ளிவிடுகிறது. அதை வானொலியாக மாற்றுவது கணினியின் பொறுப்பு. அப்படியானால் எஃப்எம் என்ன, அந்த அலைவரிசையில் இருக்கும் எதையும் கணினி நிரலால் பிரித்தெடுக்கலாமே! ஆஸ்மோகாம் என்ற திறமூலக் குழுவினர் உடனே அதற்கு மென்பொருள் எழுதி வெளியிட்டார்கள். ஆய்வுக்கூடங்களில் ஆயிரக்கணக்கான டாலருக்கு வாங்கிய ஒரு வசதி, சட்டைப்பையில் வைக்கும் டாங்கிளுக்குள் ஒளிந்திருந்தது.

அடுத்து வரும் பொருத்தங்களைப் பார்த்து எனக்கு இன்னும் வியப்பு அடங்கவில்லை. அப்போது டிவி ஒளிபரப்பு 862 மெகாஹெர்ட்ஸோடு முடிந்துவிட்டது. அந்த டாங்கிள்களில் பின்னர் பரவலாக வந்த ஆர்820டி டியூனரோ 1,700 மெகாஹெர்ட்ஸைத் தாண்டியும் பிடிக்கும். 978, 1090 இரண்டும் அந்த உபரி இடத்தில் விழுகின்றன. விமானம் 1090இல் அனுப்பும் செய்தி 112 பிட் நீளம், ஒரு பிட்டுக்கு ஒரு மைக்ரோவிநாடி. அந்த ஒரு மைக்ரோவிநாடியின் முதல் பாதியில் துடிப்பு இருந்தால் ஒன்று, இரண்டாம் பாதியில் இருந்தால் சுழி. ஆக, விநாடிக்கு 20 லட்சம் முறை அளந்தால் ஒவ்வொரு பாதிக்கும் ஓர் அளவு கிடைத்துவிடும். டாங்கிளின் வேகம் அதற்குச் சற்று மேலே. டிவிக்காரர்கள் விமானத்தைப் பற்றி ஒரு நொடிகூட நினைத்திருக்க மாட்டார்கள்.

சிசிலியைச் சேர்ந்த சால்வடோரே சான்ஃபிலிப்போவை மென்பொருள் உலகம் ரெடிஸ் என்ற தரவுத்தள மென்பொருளுக்காக அறியும். அவர் டாங்கிளை வைத்து விளையாட்டாக டம்ப்1090 என்ற நிரலை எழுதினார். சி மொழியில், கையடக்கமாக, வேறு பெரிய மென்பொருள் எதையும் சாராமல் 1090 செய்திகளைப் பிரித்துத் தரும் நிரல் அது. ஒரு பிட் தவறி வந்தாலும் கணக்குப் போட்டுச் சரிசெய்துகொள்ளும். உலகெங்கும் வீட்டுக் கூரைகளில் ஆன்டெனா வைத்து விமானங்களைக் கண்காணிப்பவர்கள் அதைக் கொண்டாடினார்கள். மற்றவர்கள் அதை எடுத்துத் திருத்தி வளர்த்தார்கள். அப்படி வளர்த்தவர்களில் ஒருவரான ஆலிவர் ஜோவெட், 2015இல் 978க்கும் ஒன்றைச் செய்தார். டம்ப்978. தரையிலிருந்து ஏறும் வானிலைப் பொட்டலத்தை இருபது டாலர் டாங்கிளால் அவிழ்க்க அத்துடன் வழி பிறந்தது. அதே ஆண்டு பிப்ரவரியில் நான்கு உட்கருக்கள் கொண்ட ராஸ்பெர்ரி பை 2 கணினிப் பலகை 35 டாலருக்கு விற்பனைக்கு வந்தது.

கிறிஸ்டோபர் யங் செய்தது, கிடந்தவற்றைக் கோத்தது. கோ என்ற நிரல் மொழியில் அவர் எழுதிய ஸ்ட்ராடக்ஸ், இரண்டு டாங்கிள்களையும் ஓட்டி, அவை கேட்கும் செய்திகளைச் சேர்த்து, ஜிடிஎல் 90 மொழியில் மாற்றி, ஒரு சின்ன வைஃபை வலை மூலம் டேப்லெட்டுக்கு அனுப்பியது. டேப்லெட் செயலியில் ஒரு வரியும் மாற்ற வேண்டியிருக்கவில்லை. விலையுயர்ந்த பெட்டியோடு பேசுவதாகவே அது நினைத்துக்கொண்டது. நிரல் முழுவதையும் அவர் யாரும் எடுத்துக்கொள்ளும்படி வெளியிட்டார். விமானிகள், பொறியாளர்கள் பலர் சேர்ந்துகொண்டார்கள். ஒருவர் முப்பரிமாண அச்சில் பெட்டி வடித்தார், இன்னொருவர் விமானத்தின் சாய்வைக் காட்டும் உணரியைச் சேர்த்தார். கோத்தல் என்ற வேலையைச் சிலர் சிறிதாக எண்ணுவார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒவ்வொரு துண்டும் ஏற்கெனவே இருந்தது உண்மை. ஆனால் மேகத்துக்குள் மாட்டிக்கொண்ட ஒரு விமானிக்கு அந்தத் துண்டுகள் தனித்தனியே எந்தப் பயனும் தந்திருக்காது.

இனி, டப்பா போய்ச் சேர்ந்த வீட்டைப் பற்றி. தொழிற்சாலையில் செய்து சான்றிதழ் பெற்ற விமானத்தில், ஒரு கருவியை நிரந்தரமாகப் பொருத்தவோ உடலில் ஆன்டெனாவுக்குத் துளை போடவோ அங்கீகாரமும் உரிமம் பெற்ற மெக்கானிக்கின் கையொப்பமும் வேண்டும். அதனால் அத்தகைய விமானங்களில் ஸ்ட்ராடக்ஸ் பெரும்பாலும் முகப்புப் பலகையின்மேல் தற்காலிகமாக உட்கார்ந்திருக்கும். சொந்தக் கையால் கட்டும் விமானங்களுக்கு அமெரிக்காவில் 1950களிலிருந்தே தனிப் பிரிவு உண்டு. கட்டும் வேலையில் பெரும்பகுதியைக் கல்விக்காகவோ பொழுதுபோக்குக்காகவோ ஒருவர் தானே செய்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை. 1953இல் மில்வாக்கியில் பால் போபரெஸ்னி தொடங்கிய ஈஏஏ சங்கம் இப்படிக் கட்டுபவர்களை ஒன்றுசேர்த்தது. ரிச்சர்ட் வான்குரன்ஸ்வென் வடிவமைத்த ஆர்வி வகை அலுமினிய விமானங்கள் மட்டும் பத்தாயிரத்துக்கும் மேல் கட்டப்பட்டுப் பறந்திருக்கின்றன. இந்த விமானங்களின் சொந்தக்காரருக்குத் துளைக்கருவியை எடுக்க யாருடைய அனுமதியும் தேவையில்லை. ஸ்ட்ராடக்ஸ் தற்காலிக விருந்தாளியாக இருப்பதை விட்டு விமானத்தின் உறுப்பாக மாறியது இவர்களிடம்தான்.

உறுப்பாக மாறுவதில் பாதி வேலை ஆன்டெனா. டாங்கிளோடு வரும் சின்னக் குச்சி ஆன்டெனாவை உள்ளேயே வைத்துவிட்டுச் சிலர் திருப்தியடைந்துவிடுகிறார்கள். அலுமினிய உடல், இருக்கைச் சட்டம், விமானியின் உடம்பு எல்லாமே அலையை மறைக்கும். வலது பக்கம் வருகிற விமானம் தெரியும், பின்னால் வருவது தெரியாது. திரை காலியாக இருப்பதற்கும் வானம் காலியாக இருப்பதற்கும் வேறுபாடு தெரியாமல் போவது இந்தத் துறையில் மிக ஆபத்தான நிலை. பத்து டாலர் மிச்சம் பிடிக்க வேண்டிய இடம் ஆன்டெனா கிடையாது என்பது என் உறுதியான கருத்து.

ஆன்டெனாவின் நீளத்தை இயற்பியலே சொல்லிவிடுகிறது. 978 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 30.7 செ.மீ., அதில் கால் பங்கு 7.7 செ.மீ. 1090க்குக் கால் பங்கு 6.9 செ.மீ. இரண்டுக்கும் ஒரு செ.மீ.கூட வித்தியாசம் இல்லை. டிரான்ஸ்பாண்டருக்கென்று விற்கும் குட்டை ஆன்டெனாவே இரண்டுக்கும் பொருந்துவது இதனால்தான். கால் அலை ஆன்டெனா தனியாக வேலை செய்யாது. அதன் அடியில் உலோகப் பரப்பு ஒன்று வேண்டும். அதைக் கிரவுண்ட் பிளேன் என்பார்கள். அலுமினிய விமானத்தில் வயிற்றுத் தகடே அந்தப் பரப்பு. துளை போடும் இடத்தில் உட்புறம் இன்னொரு தகட்டை வைத்து ரிவெட் அடித்து வலுவூட்டுவார்கள். இல்லாவிட்டால் காற்றின் அதிர்வில் மெல்லிய தகடு விரிசல் விடும். ஆன்டெனாவின் அடிப்பாகம் தொடும் இடத்தில் பெயிண்டையும் பிரைமரையும் சுரண்டி வெறும் உலோகமாக்க வேண்டும். பார்க்கச் சின்ன வேலை. இதைச் செய்யாமல் விட்டால் கிரவுண்ட் பிளேன் இருந்தும் இல்லாததுபோல் ஆகிவிடும்.

ஃபைபர்கிளாஸ் விமானம் கட்டியவருக்கு வசதி வேறு, சிக்கல் வேறு. கண்ணாடி இழை வானொலி அலையை மறைக்காது, ஆன்டெனாவை உடலுக்குள்ளேயே ஒளித்துவிடலாம், வெளியே காற்றை இழுக்க எதுவும் நீட்டிக்கொண்டிருக்காது. 1970களில் பர்ட் ருட்டானின் வேரிஈஸி போன்ற விமானங்கள் வந்தபோது, ஜிம் வியர் என்ற மின்னணுப் பொறியாளர் செப்புத் தகட்டு நாடாவை ஃபைபர்கிளாஸ் அடுக்குகளுக்குள் புதைத்து ஆன்டெனா செய்யும் முறையைப் பரப்பினார். ஆனால் ஃபைபர்கிளாஸில் கிரவுண்ட் பிளேன் இல்லை. கட்டுபவரே அலுமினியத் தட்டையோ செப்புத் தகட்டையோ உள்ளே ஒட்டித் தர வேண்டும். கார்பன் இழையென்றால் கதை முற்றிலும் மாறும். அது மின்சாரம் கடத்தும், உள்ளே வைத்த ஆன்டெனாவைக் கண்கட்டிவிடும்.

எங்கே வைப்பது என்பதில் கட்டுபவர்களிடையே ஓயாத விவாதம் நடக்கும். வானிலை தருகிற தரை நிலையங்கள் கீழே இருப்பதால் 978க்கு வயிறுதான் பொருத்தம். 1090இல் கேட்பது விமானங்களை. அவை மேலேயும் இருக்கும், கீழேயும் இருக்கும். வயிற்றில் வைத்தால் தலைக்கு மேலே வருபவர் மங்குவார், முதுகில் வைத்தால் கீழே ஏறி வருபவர் மங்குவார். வயிற்றிலும் புகைபோக்கிக்கு நேர் பின்னால் வைக்கக் கூடாது. கரியும் எண்ணெயும் படிந்துகொண்டே இருக்கும். சக்கரக் காலுக்கு அருகில் வைத்தால் அதன் நிழல் விழும். எல்லாவற்றையும்விடக் கவனமாக ஒதுங்க வேண்டியது நம் சொந்த டிரான்ஸ்பாண்டரின் ஆன்டெனாவிடமிருந்து. அது அதே 1090இல் நூறு வாட்டுக்கு மேல் அடிக்கும் துடிப்புகளை அனுப்புகிறது. டாங்கிள் கேட்க வேண்டிய தொலைதூர விமானத்தின் அலையோ ஒரு வாட்டின் கோடியில் ஒரு பங்குக்கும் வெகு கீழே. இரண்டுக்கும் இடையே இடம் உள்ளவரை தள்ளி வைப்பது நல்லது.

கேபிளைப் பற்றி ஒரு வார்த்தை. டாங்கிள் பெட்டிகளில் வருவது போன்ற மெல்லிய ஆர்ஜி-174 கம்பியை மூன்று மீட்டர் இழுத்தால், இந்த அலைவரிசையில் ஆன்டெனா பிடித்ததில் ஏறக்குறைய பாதி வழியிலேயே கரைந்துவிடும். இரட்டை உறை போட்ட ஆர்ஜி-400 விலை கூடுதல்தான். இழப்பு பாதிக்கும் குறைவு, எஞ்சின் சூட்டையும் தாங்கும். விமான ஆன்டெனாவின் பிஎன்சி இணைப்புக்கும் டாங்கிளின் சின்ன இணைப்புக்கும் நடுவே ஒன்றன்மேல் ஒன்றாக அடாப்டர் செருகுவது கெட்ட பழக்கம். அதிர்வில் முதலில் கழல்வது அதுதான். யுஎஸ்பி செருகிகளும் அப்படியே நழுவும். விவரம் தெரிந்தவர்கள் அவற்றைக் கட்டிப்போடுவார்கள். மின்சாரம் விமானத்தின் 14 வோல்ட்டிலிருந்து 5 வோல்ட்டுக்கு இறங்கி, ஃப்யூஸ் வழியாக, தாராளமாக வர வேண்டும். குறைந்த வோல்ட்டில் ராஸ்பெர்ரி பை நினைத்தபோது நின்று எழும். வெயிலில் நிறுத்திய விமானத்தின் கண்ணாடிக் கூண்டுக்குள் வெப்பம் ஏறுவதால்தான் அந்தக் குட்டி மின்விசிறி.

பொருத்தியாயிற்று, திரையில் விமானங்கள் தெரிகின்றன. இங்கே ஒரு தவறான நம்பிக்கை வந்துவிடும், அதைப் பற்றிச் சொல்லாமல் விடுவது சரியில்லை. இரண்டு அலைவரிசைகளில் எதிலும் தன்னை அறிவிக்காமல், டிரான்ஸ்பாண்டர் மட்டும் வைத்திருக்கும் விமானங்களைத் தரை ரேடார் பார்த்து, தரை நிலையங்கள் மேலே சொல்லும். ஆனால் எல்லோருக்கும் சொல்லாது. தன்னை முறைப்படி அறிவித்துக்கொண்டு, கேட்கும் கருவியும் இருப்பதாகச் சொல்லும் விமானத்தைச் சுற்றி 15 கடல் மைல் அரைவிட்டம், மேலும் கீழும் 3,500 அடி, அந்த வட்டத்துக்குள் இருப்பவர்களைப் பற்றி மட்டுமே சொல்லும். அறிவிக்கும் கருவி இல்லாமல் ஸ்ட்ராடக்ஸ் மட்டும் வைத்திருப்பவர், பக்கத்து விமானத்துக்குச் சொல்லப்பட்டதில் காதில் விழுந்ததைக் கேட்கிறார். அவர் படம் எப்போதும் குறைப்படம். தன் விமானத்தின் அடையாள எண்ணை அமைப்பில் பதியாதவருக்கு இன்னொரு வேடிக்கை நேரும். தன்னைப் பற்றிய தகவலே திரும்பி வந்து, தன்மேலேயே ஒட்டிப் பறக்கும் பேய் விமானமாகத் திரையில் தெரியும். மின்சார அமைப்பே இல்லாமல் பிறந்த பழைய பைப்பர் கப் போன்றவற்றுக்குச் சட்டத்தில் விலக்கு உண்டு. அவை எந்தத் திரையிலும் வராமல் போகலாம். கண்ணுக்கு ஓய்வு கொடுக்க முடியாது.

மழைப்படத்தில் இருக்கும் ஆபத்து இதைவிட நுட்பமானது. திரையில் காட்டும் ரேடார் படம் பல ரேடார்களின் படங்களை ஒட்டிச் செய்தது. மூலையில் எழுதியிருக்கும் வயது, ஒட்டி முடித்த பிறகான வயது. மழையை ரேடார் பார்த்த நேரத்துக்கும் அதற்கும் இடையே 15 முதல் 20 நிமிடம்வரைகூட இருக்கலாம் என்று அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2012இல் விமானிகளை எச்சரித்தது. அவ்வளவு நேரத்தில் இடிமேகக் கூட்டம் ஒன்று மைல்கணக்கில் நகர்ந்துவிடும். புயல் பகுதியை வெகு தூரத்திலிருந்தே சுற்றிப் போகத் திட்டமிட இந்தப் படம் அருமையானது. இரண்டு மேகங்களுக்கு நடுவே இடைவெளி தேடி நுழைய இதை நம்பிய ஒருவர், சற்று முன்பு இருந்த இடைவெளிக்குள் நுழைகிறார்.

978 வழியாக வானிலை ஏறுவது அமெரிக்க ஏற்பாடு. ஐரோப்பாவில் அது இல்லை. அதனால் அங்குள்ளவர்கள் ஸ்ட்ராடக்ஸின் நிரலை எடுத்துத் தங்கள் வானத்துக்கு ஏற்ப மாற்றினார்கள். 978ஐக் கேட்ட டாங்கிள், சுவிட்சர்லாந்தில் இயந்திரமில்லாக் கிளைடர்களுக்காக 2004இல் வந்த ஃபிளார்ம் எச்சரிக்கைக் கருவியின் 868 மெகாஹெர்ட்ஸுக்குத் திரும்பியது. நிரல் திறந்திருந்ததால் யாரிடமும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

ஆன்டெனா சரியாக வேலை செய்கிறதா என்று சோதிக்கவும் அந்த டப்பாவே உதவுகிறது. அதன் வைஃபையில் இணைந்து உலாவியைத் திறந்தால், எத்தனை தரை நிலையங்கள் காதில் விழுகின்றன, நிமிடத்துக்கு எத்தனை செய்திகள் வருகின்றன, ஒவ்வொன்றின் வலிமை என்ன என்று ஒரு பக்கம் காட்டும். தரையில் நிற்கும்போது 978இல் பல இடங்களில் சுழியே இருக்கும், மேலே ஏற ஏறத்தான் நிலையங்கள் ஒவ்வொன்றாகச் சேரும். கட்டியவர் நல்ல வானிலை நாள் ஒன்றில் மேலே போய், இடமாகவும் வலமாகவும் மெல்ல வட்டமடித்து, எந்தப் பக்கம் திரும்பும்போது எண்ணிக்கை விழுகிறது என்று குறித்துக்கொள்கிறார். இடப்பக்கம் திரும்பும்போது மட்டும் விழுந்தால் சக்கரக் காலின் நிழல் என்று அர்த்தமாகலாம். விமானத்தைக் கட்டியவர் என்ற முறையில் எஃப்ஏஏவிடம் ரிப்பேர்மேன் சான்றிதழ் பெற்றிருப்பதால், ஆண்டுப் பரிசோதனையை அவரே செய்து கையெழுத்திடலாம். அந்தப் பரிசோதனைக்காகத் தகடுகளைத் திறக்கும்போது பழைய துளையை மூடி ரிவெட் அடித்து, ஒரு முழம் தள்ளிப் புதிய துளை போட்டு, பதிவேட்டில் அதை எழுதிவைக்கிறார்.